கார்பன் பைபர் டியூப் அலுமினிய பைப்ல இறுகிப்போச்சு, உடைக்காம கழட்ட வழி சொல்லுங்கப்பா

வானம்பாத்தவன்:
எல்லாருக்கும் வணக்கம், நமக்கு காட்பாடி பக்கம். வீட்லயே 8 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப் ஒண்ணு கட்டிகினு இருக்கேன், கண்ணாடி வந்துடுச்சு, பாக்ஸ் பிளைவுட்ல அடிச்சாச்சு, மேல் கூண்டைத் தாங்குற ட்ரஸ் கம்பி எட்டையும் மட்டும் கார்பன் பைபர்ல பண்ணலாம்னு எறங்கிட்டேன். வெயிட் கம்மி, அதோட ராத்திரி சூடு எறங்க எறங்க அலுமினிய கம்பி மாதிரி சுருங்கி போகஸ் நகர்ற தொல்லை இல்ல. ஜவ்வாது மலைல காவலூர்ல இருக்கற 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை பாத்துட்டு வந்ததுல இருந்து புடிச்ச பைத்தியம் இது, வீட்ல திட்டாத நாள் இல்ல.

விஷயம் என்னன்னா, 25 மி.மீ. வெளிவிட்டம் உள்ள அலுமினிய பைப்பை மேண்ட்ரலா, அதாவது மேல சுத்தறதுக்கான உள் அச்சா வெச்சு வாக்ஸ் தேச்சு, அடில நார் எல்லாம் நீளவாக்குல ஓடுற யூடி துணி ஒரு சுத்து, அதுக்கு மேல பின்னுன ஸ்லீவ் ரெண்டு லேயர், எபாக்சி தடவி, மேல செல்லோடேப்பை ஒட்டுற பக்கம் வெளிய இருக்கற மாதிரி இறுக்கி சுத்திட்டேன். மாடில ஷீட் போட்ட ரூம்ல சாயந்திரம் பண்ணது, காலைல கல்லு மாதிரி ஆயிடுச்சு, நல்லா காயட்டும்னு பகல் பூரா மொட்டை மாடி வெயில்ல வெச்சேன். இப்ப அசைய மாட்டேங்குது. ஒரு பக்கம் வைஸ்ல புடிச்சு மறுபக்கம் டியூப்ல கிளாம்ப் போட்டு ரெண்டு பேர் இழுத்தாச்சு, ம்ஹூம். அடுத்து என்ன பண்ணலாம்?

டிரோன்பையன்:
ப்ரோ ஹீட் கன் வெச்சு சுத்தி சூடு பண்ணுங்க, லூஸ் ஆயிடும். இல்லனா WD-40க்கு பதிலா தேங்கா எண்ணெய் கூட ஊத்தலாம், எங்க காலேஜ் டீம்ல துருப்புடிச்ச போல்ட்டுக்கு அதான்.

பிசின்கை:
தம்பி, ஹீட் கன் கிட்டயே போகாதீங்க. போல்ட் கதை வேற இது வேற. இங்க உள்ள இருக்கறது அலுமினியம், சூடு பட்டா அதுதான் அதிகமா ஊதும், ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்துல 23 பங்கு. வெளிய இருக்கற கார்பன் கிட்டத்தட்ட அசையாது. சூடு பண்ணா உள்ள இருக்கறவன் பருத்து இன்னும் இறுக்குவான். அதுக்கும் மேல ரூம் டெம்பரேச்சர்ல கெட்டியான எபாக்சி ஐம்பது அறுபது டிகிரில இளக ஆரம்பிக்கும், அந்த நேரத்துல இழுத்தா துணி கலைஞ்சு டியூப்பே போச்சு. எண்ணெய் உள்ள போறதுக்கு சந்து இருந்தாதானே போகும், சந்து இல்லங்கறதுதானே பிரச்சினையே.

காட்பாடி சார், நீங்க வெயில்ல வெச்சீங்க பாருங்க, அங்கதான் இறுகினது. ராத்திரி 32, 33 டிகிரில ஜெல் ஆயிருக்கும், அதாவது ரெசின் ஓடறது நின்னு கெட்டியாக ஆரம்பிச்சிருக்கும். அந்த அளவுலதான் டியூப்போட உள்விட்டம் பூட்டிக்கிச்சு. மறுநாள் நம்மூரு வெயில்ல கருப்பு டியூப் சாதாரணமா அறுபது தாண்டும், உள்ள பைப் பருத்து வாக்ஸை நசுக்கி தள்ளியிருக்கும். டியூப் எந்த சூட்டுல ஜெல் ஆகுதோ அந்த சூட்டை விட மேண்ட்ரல் எவ்ளோ குளிருதோ, அதுதான் உங்களுக்கு கெடைக்கற இடைவெளி. மத்ததெல்லாம் அப்புறம்தான்.

லேத்து_மாமா:
இன்னாப்பா ஆளாளுக்கு சூடு குளுருன்னு கணக்கு போடறீங்க, பைப்போட மொகம் எப்டி கீதுன்னு யாராவது கேட்டீங்களா? ராணிப்பேட்டை சிப்காட்ல லேத்து பட்டறை நமக்கு. நைனா, அந்த பைப்ப லேத்துல போட்டு எமரி பேப்பர் சுத்தி பாலிஷ் போட்டியா இல்ல கடைல வாங்குன மாதிரியே போட்டியா? லேத்துல சுத்துனா கோடு வட்டவட்டமா வுழும், கண்ணுக்கு பளபளன்னு தெரியும், ஆனா ரெசின் அந்த கோட்டுல பூந்துகினா மரை மாதிரி புடிச்சுக்கும். கடைசி தேய்ப்பு எப்பவும் நீட்டு வாட்டத்துல தேய்க்கணும், 400, 800, 1200ன்னு பேப்பர மாத்தி மாத்தி தேச்சு அப்பால பிராசோ போடு.

வானம்பாத்தவன்:
மாமா, லேத்துல போட்டுதான் தேச்சது, பக்கத்து பட்டறைல. விரல் நகத்தை நீளவாக்குல ஓட்டுனா லேசா சொரசொரன்னு தெரியுது. இப்ப என்ன பண்றது?

லேத்து_மாமா:
அதான் சொன்னேன்ல.

பிசின்கை:
மாமா சொல்றதும் சரிதான், அதை மறுக்கல. ஆனா இப்ப மேண்ட்ரல் உள்ள மாட்டிக்கிச்சு, அதை இனிமே தேய்க்க முடியாது. கையில இருக்கறது குளிர் மட்டும்தான்.

கணக்கு பாருங்க. 25 மி.மீ. அலுமினியம், 33 டிகிரில இருந்து ஐஸ் தண்ணி 2 டிகிரிக்கு வந்தா விட்டத்துல 0.018 மி.மீ. சுருங்கும், ஒரு தலைமுடி தடிமன்ல ஏறக்குறைய கால்வாசிதான். ஐஸ்ல கல்லுப்பு கலந்தா மைனஸ் 12 வரைக்கும் எறக்கலாம், குல்பி போடறவங்க பண்ற வேலைதான், அப்ப 0.026. டிரை ஐஸ் மைனஸ் 78, அதுல 0.064 வரைக்கும் போகும். இரும்பு ராடா இருந்தா இதெல்லாம் பாதிதான், எஸ்எஸ்னா முக்கால்வாசின்னு வெச்சுக்கங்க.

ஆனா இதுல ஒரு உள்குத்து இருக்கு. டியூப்பும் கூடவே சுருங்குமா இல்லையாங்கறது நார் எந்தப் பக்கம் ஓடுதுங்கறத பொறுத்தது. நார் ஓடுற திசைல கார்பன் அசையவே அசையாது, ஆனா நாருக்கு குறுக்கால பாத்தா அங்க வேலை செய்றது ரெசின்தான், அது அலுமினியம் அளவுக்கே சுருங்கும், சமயத்துல அதை விட அதிகமாவே சுருங்கும். அதனால எல்லாத்தையும் நீளவாக்குல மட்டும் போட்டு டியூப் பண்ணா, எவ்ளோ குளிர வெச்சாலும் மேண்ட்ரலும் டியூப்பும் கை கோத்துகினு ஒண்ணா சுருங்கும், இடைவெளியே கெடைக்காது. நிறைய பேர் டிரை ஐஸ் போட்டும் வரலன்னு புலம்பறது இதனாலதான். உங்களுக்கு மேல பின்னுன ஸ்லீவ் ரெண்டு லேயர் 45 டிகிரில இருக்கு, அது விட்டத்தை புடிச்சு நிறுத்தும். தப்பிச்சீங்க.

டிரோன்பையன்:
அண்ணா டிரை ஐஸ் வேலூர்ல எங்க கெடைக்கும்?

பிசின்கை:
கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்ள மேடைக்கு வரும்போது கால்ல புகை விடறாங்கல்ல, அந்த டெக்கரேஷன்காரங்களை கேளுங்க. வெறும் கையால தொடாதீங்க, கதவு சாத்துன ரூம்ல வேணாம், அது முழுக்க கார்பன் டை ஆக்சைடு. முக்கியமா பைப்போட ரெண்டு வாயையும் அடைச்சிடாதீங்க, கேஸ் போக வழி இல்லன்னா வெடிக்கும். மாட்டுக்கு சினை ஊசி போடறவங்க கேன்ல லிக்விட் நைட்ரஜன் வெச்சிருப்பாங்க, அதுக்கு ஆசைப்படாதீங்க, மைனஸ் 196ல எபாக்சி நுணுக்கமா விரிசல் விடும். மொதல்ல ஐஸும் உப்பும் போதும்.

இன்னொண்ணு, இழுக்கறதை நிறுத்துங்க. தள்ளுங்க.

வானம்பாத்தவன்:
ரெண்டும் ஒண்ணுதானே சார்? இந்தப் பக்கம் புடிச்சு இழுத்தா என்ன, அந்தப் பக்கம் இருந்து தள்ளுனா என்ன?

பிசின்கை:
ஒண்ணு இல்ல. 45 டிகிரி பின்னலை நீட்டி இழுத்தா அது மெலியும், அமுக்குனா பருக்கும். கெட்டியானதுக்கு அப்புறமும் அந்த குணம் போகாது, இழுக்கற அளவுல முக்கால் பங்கு வரைக்கும் குறுக்கால சுருங்குற சாதி அது. உங்களுக்கு அடில ஒரு யூடி சுத்து இருக்கறதால கொஞ்சம் கம்மியா இருக்கும், இருந்தாலும் இருக்கும். நாம ஐஸ் போட்டு சம்பாதிக்கறதே 20 மைக்ரான் சொச்சம், அதாவது 0.02 மி.மீ. சொச்சம், செயின் ப்ளாக் மாட்டி பலமா இழுத்தீங்கன்னா அதுல ஒரு பங்கை அந்த இழுவையே தின்னுடும். அதே டியூப்போட ஓரத்துல முட்டு குடுத்து தள்ளுனா, பருத்து நமக்கு சாதகமா வரும்.

லேத்து_மாமா:
இது கரெக்ட்டு. 10 மி.மீ. தகடு ஒண்ணு எட்த்துகினு நடுவுல 25.2க்கு ஓட்டை போடு, மேண்ட்ரல் பூறணும், டியூப் பூறக்கூடாது. தகட்ட வைஸ்லயோ ஆங்கிள்லயோ முட்டு குடுத்து, அந்தாண்ட இருந்து மேண்ட்ரல உருவு. டியூப்போட மூஞ்சி நேரா வெட்டி இருக்கணும், ஒரு பக்கம் மட்டும் முட்டுச்சுன்னா ஓரம் பிரிஞ்சு பூ மாதிரி மலந்துரும். சுத்தி எட்த்து அடிக்கறேன்னு மட்டும் கெளம்பிடாத.

ஆம்பூர்_கட்டை:
நடுவுல பூறறதுக்கு மன்னிக்கணும். நான் ஆம்பூர்ல ஷூ கம்பெனில லாஸ்டிங் செக்‌ஷன். நீங்க பேசற பிரச்சினை எங்களுக்கு தெனமும் இருக்கு. லாஸ்ட்ங்கற கால் வடிவ அச்சு மேல தோலை இழுத்து இறுக்கி, ஓவன்ல சூடு குடுத்து, சோல் ஒட்டி, கடைசில உள்ள இருக்கற லாஸ்ட்டை ஷூ கெடாம வெளிய எடுக்கணும். முழு கட்டையா இருந்தா வரவே வராது, அதனால லாஸ்ட்டுக்கு நடுவுல ஒரு கீல் இருக்கும், மடக்குனா குதிகால் பக்கம் நீளம் கொறஞ்சு பொசுக்குன்னு வந்துடும். உங்க மேண்ட்ரலையும் அப்டி ரெண்டு துண்டா, நடுவுல ஆப்பு வெச்சு பண்ணா ஆப்பை உருவுனதும் சுருங்கிடாதா?

பிசின்கை:
நல்ல கேள்வி அண்ணே. பெரிய விட்டத்துக்கு அப்டிதான் பண்றாங்க, நீளவாக்குல பொளந்து நடுவுல சரிவான ஆப்பு. 100 மி.மீ.க்கு மேலன்னா நானே அதைத்தான் சொல்லுவேன். 25 மி.மீ.ல பொளந்தா பைப்போட நேர் போயிடும், பொளந்த கோடு வழியா ரெசின் உள்ள எறங்கி அதுவே பூட்டா மாறிடும். மேல பாலியஸ்டர் ஷீட் சுத்துனா அதைத் தடுக்கலாம், ஆனா ஷீட் சுத்தறதா இருந்தா பொளக்கவே தேவை இல்லையே.

குடியாத்தம்_வாணம்:
அதேதான் சொல்ல வந்தேன். நான் சின்ன மாடல் ராக்கெட்டுக்கு டியூப் சுத்தறவன். வாக்ஸ், ஒட்டாம இருக்க பூசற பிவிஏ திரவம் எதையும் முழுசா நம்பறது இல்ல. ப்ரொஜெக்டர்ல வெச்சு காட்டுற பழைய ஓஹெச்பி ஷீட் ஸ்டேஷனரி கடைல இன்னும் கெடைக்குது, அது பாலியஸ்டர், எபாக்சி அதுல பெருசா புடிக்காது. மேண்ட்ரல் மேல ஒரு சுத்து சுத்தி, ஒரு அரை இன்ச் மேல ஏறி வர்ற மாதிரி விட்டு, அந்த ஓரத்தை மட்டும் மெல்லிசு டேப்ல ஒட்டணும். ஷீட்டை மேண்ட்ரலோட ஒட்டவே கூடாது, சும்மா வழுக்கிகினு சுத்தற மாதிரி இருக்கணும். டியூப் ஷீட்டோட சேத்து உருவிகினு வரும், அப்புறம் ஷீட்டை உள்பக்கம் சுருட்டி உரிச்சு எடுத்துடலாம். ஏறி வர்ற எடத்துல டியூப் உள்ள ஒரு கோடு வுழும், அது ஒண்ணுதான் கொறை. உள்விட்டம் பர்பெக்டா வேணும்னா இது ஒத்து வராது, டெலஸ்கோப் கம்பிக்கு யார் உள்ள எட்டிப் பாக்க போறாங்க.

வானம்பாத்தவன்:
அடுத்த டியூப்புக்கு இது கண்டிப்பா. இப்ப மாட்டுனதுக்கு ஐஸ் வாங்க போறேன், மீன் மார்க்கெட் பக்கம் ஒடச்ச ஐஸ் கெடைக்கும்.

பிசின்கை:
போறதுக்கு முன்னாடி ரெண்டு ஓரத்தையும் நல்லா பாருங்க. துணி முடியற எடத்துக்கு அப்பால ரெசின் வழிஞ்சு வெறும் பைப் மேல வளையம் மாதிரி காஞ்சிருக்கும், பைப் வாயைத் தாண்டி உள்ள கூட எறங்கியிருக்கும். அதை சுத்தமா எடுக்காம என்ன பண்ணாலும் வராது. பிளேடால சுரண்டுங்க, பைப்ல கோடு விழுந்தாலும் பரவால்ல, ஆனா டியூப்புக்குள்ள பூந்து போற பக்கம் விழக்கூடாது. ஒரு கார்க்கை வெச்சு கீழ்வாயை அடைச்சு செங்குத்தா நிக்க வெச்சு ஐஸும் உப்பும் கொட்டி குச்சியால குத்தி குத்தி நிரப்புங்க. வேலை முடிஞ்சதும் பைப்பை நல்ல தண்ணில கழுவிடுங்க, உப்பு அலுமினியத்தை தின்னும்.

வானம்பாத்தவன்:
வந்துடுச்சு!!!

எப்டின்னு சொல்றேன். ஐஸ் நெரப்பி வெளிய டியூப் மேல பனி மாதிரி தண்ணி கோத்து நிக்கற வரைக்கும் விட்டோம், தகட்டுல முட்டு குடுத்து கார் ஜாக்கி வெச்சு ஏத்துனோம். டிக்குன்னு ஒரு சத்தம், நான் டியூப் ஒடஞ்சுதுன்னே நெனச்சேன், பாத்தா அரை இன்ச் நகந்திருக்கு. அப்புறம் மறுபடி நின்னுடுச்சு. மறுபக்கம் போய் டார்ச் அடிச்சு பாத்தா, ஸ்லீவை கட்டுறதுக்கு நான் டேப் சுத்துன எடத்துல, டேப்புக்கு அடில ரெசின் பூந்து தேன் கலர்ல மெல்லிசா ஒரு வளையம், பைப் ஓரம் தாண்டி உள்பக்கம் வரைக்கும் மடிஞ்சு கெட்டியா நிக்குது. மேல டேப் இருந்ததால மொதல்ல கண்ணுக்கே படல. அதை அரம் போட்டு எடுத்துட்டு, மறுபடி ஐஸ் ரொப்பி ஜாக்கிய ஏத்துனா, கர்ர்ருன்னு ஒரே சீரா வெளிய வந்துடுச்சு, கடைசி ஒரு சாண் கையாலயே உருவியாச்சு.

டியூப் உள்ள பாத்தா நடுவுல ஒரு எடம் மட்டும் மங்கலா இருக்கு, மத்த எடமெல்லாம் கண்ணாடி. மேண்ட்ரல்ல அதே எடத்துல ரெசின் பொட்டு பொட்டா ஒட்டியிருக்கு, வட்டவட்டமா, மாமா சொன்ன கோடு அப்டியே அச்சு எடுத்த மாதிரி.

லேத்து_மாமா:
பாத்தியா. அந்த மேண்ட்ரல எட்த்துகினு பட்டறைக்கு வா, காசு வாணாம். இல்லன்னா ஒண்ணு பண்ணு, பைப்ப தூக்கி போட்டுட்டு ஹைட்ராலிக் சிலிண்டர்ல போடற ஹார்ட் குரோம் ராடு ஒண்ணு பழசு கெடைச்சா வாங்கு, மொகம் கண்ணாடி மாதிரி கீது, கோடு கீடு வுழவே வுழாது.

பிசின்கை:
மாமா, குரோம் ராடு மொகம் நல்லா இருக்கும், ஒத்துக்கறேன், ஆனா அது இரும்பு, சுருங்கறது பாதிதான், அதோட கெட்டி ராடு, உள்ள ஐஸ் போட வழி இல்ல. நம்ம வேலைக்கு அலுமினிய பைப்பையே நல்லா தேச்சு குடுங்க. முடிஞ்சா ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் போறதுக்குள்ள விட்டம் 0.2 மி.மீ. கொறையற மாதிரி லேத்துல மறுமுனையை தாங்குற டெயில்ஸ்டாக்கை நகத்தி ஒரு சரிவு குடுங்க. சரிவு இருந்தா மொத டிக் சத்தம் வந்ததுமே மொத்தமும் விட்டுடும், நீளம் பூரா உரசிகினு வராது.

லேத்து_மாமா:
ஒண்ணேகால் மீட்டர் பைப்புக்கு நடுவுல தாங்கிப்புடிக்கற ஸ்டெடி போடாம சரிவு கடைஞ்சா வில்லு மாதிரி ஆட்டம் போடும்பா. மெல்லிசு பைப்பு வேற. பண்ணலாம், டைம் ஆகும். வரட்டும் பாக்கலாம்.

வானம்பாத்தவன்:
அப்ப அடுத்த டியூப்பை எந்த சூட்டுல காய வெக்கறது? ஓவன் எல்லாம் நம்மகிட்ட இல்ல.

பிசின்கை:
வேலூர்ல இருந்துகினு ஓவன் கேக்கறீங்களே சார். தகரப் பெட்டி ஒண்ணு, கருப்பு பெயின்ட், மேல கண்ணாடி, கத்திரி வெயில்ல உள்ள அறுபது எழுபது போகும். ஆனா வரிசை முக்கியம். ரெசின் ஈரமா இருக்கும்போதே பெட்டிக்குள்ள போகணும், அறுபதுலதான் ஜெல் ஆகணும், அப்பதான் மேண்ட்ரல் பருத்து நிக்கற அளவுல டியூப் பூட்டிக்கும். சாயந்திரம் ரூம் சூட்டுக்கு வந்தாலே 0.016 சுருங்கியிருக்கும், உப்பு இல்லாம வெறும் ஐஸ் தண்ணி வெச்சா கெடைக்கறதுக்கு கிட்டத்தட்ட சமம், சும்மாவே வரும், அதுக்கு மேல ஐஸ் போட்டா போனஸ். ரூம் சூட்டுல ஜெல் ஆகிட்டா அப்புறம் மேண்ட்ரலோட வெயிலுக்கே கொண்டு போகக்கூடாது, மொதல்ல கழட்டிட்டு வெறும் டியூப்பை மட்டும் வெயில்ல வைங்க.

ஒரு ஜாக்கிரதை, மெதுவா கெட்டியாக்கற ஸ்லோ ஹார்டனர் வாங்குங்க. சூடு பத்து டிகிரி ஏறுனா வேலை செய்ய கெடைக்கற நேரம் ஏறக்குறைய பாதி ஆயிடும், கலக்கின கப்பை அப்டியே வெச்சிருந்தா புகை வந்து கப்பே உருகும். கலந்ததும் அகலமான தட்டுல ஊத்திடுங்க.

டிரோன்பையன்:
அண்ணா கழட்டின டியூப்பை கட் பண்ண ஆங்கிள் கிரைண்டர் ஓகேவா?

பிசின்கை:
ஓகே, ஆனா தண்ணி தெளிச்சுகினே வெட்டுங்க, மாஸ்க் போடுங்க. அந்த கருப்பு தூள் கரண்ட்டை கடத்தும், மோட்டார்லயும் உங்க டிரோன் போர்டுலயும் பூந்தா அவ்ளோதான். சட்டையோட அதை வீட்டுக்குள்ள கொண்டு போனா ராத்திரி பூரா அரிப்பு வேற. காட்பாடி சார், ஓரத்துல அலுமினிய முனை ஒட்டறதா இருந்தா நடுவுல ஒரு சுத்து கண்ணாடி நார் துணி போட்டுக்கங்க, கார்பனும் அலுமினியமும் நேரா தொட்டா ஈரத்துல அலுமினியம் அரிச்சுடும்.

காத்தாடி_ஆற்காடு:
லேட்டா வந்துட்டேன். எனக்கு பெரிய காத்தாடிக்கு 5 மி.மீ. உள்விட்டத்துல மெல்லிசு குழல் வேணும். ஐஸ் டெக்னிக் இதுக்கும் ஆகுமா? வெல்டிங் ராடு மாதிரி இரும்பு கம்பி யோசிச்சு வெச்சிருக்கேன்.

பிசின்கை:
ஆகாது. விட்டம் சின்னதாக ஆக சுருக்கமும் சின்னதாயிடும், 5 மி.மீ. இரும்பை ஐஸ்ல வெச்சா 2 மைக்ரான் கூட தேறாது. அந்த சைஸுக்கு மெட்டலையே விடுங்க. சிலிகான் ரப்பர் கார்டு ரோலா விக்கறாங்க, 5 மி.மீ. வாங்கி ரெண்டு ஆணிக்கு நடுவுல வளையாத அளவுக்கு மட்டும் இழுத்துக் கட்டி அது மேல சுத்துங்க. எபாக்சி அதுல ஒட்டாது. கெட்டியானதும் ஒரு முனையை புடிச்சு இழுத்தா ரப்பர் நீண்டு மெலிஞ்சு தானா விட்டுகினு வரும். கட்டும்போது ரொம்ப இழுத்துடாதீங்க, அப்பவே மெலிஞ்சுட்டா கடைசில மெலியறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது.

காத்தாடி_ஆற்காடு:
இழுத்துக் கட்டுனாலும் நடுவுல தொய்யுமே சார், ஈரத் துணி வெயிட் வேற?

குடியாத்தம்_வாணம்:
படுக்க வெச்சா தொய்யும். மாடிப்படி கம்பில கட்டி செங்குத்தா தொங்க விடுங்க, கீழ் முனைல ஒரு சின்ன வெயிட். ரெசின் மட்டும் கொஞ்சம் கெட்டியா கலந்துக்கங்க, இல்லன்னா எல்லாம் கீழ எறங்கி அடிப்பக்கம் தடிச்சுடும்.